நவநாளில் நான் வாசித்த கடிதங்கள்

என் குரல் நல்ல குரல். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் நடந்ததற்கெல்லாம் தொடக்கம் அந்தக் குரல் என்பதால் அதை மறைத்துவிட்டு மேலே எழுத முடியாது. ராயபுரத்தில் எங்கள் கோயிலில் பதினோரு ஆண்டுகள், புதன்கிழமை மாலை சகாய மாதா நவநாள் வழிபாட்டில் கடிதம் வாசித்தவள் நான். 'மணி அடிச்ச மாதிரி கீதும்மா உன் தொண்டை' என்று மீன் விற்கிற பெண்கள் சொல்வார்கள். ஆயர் ஒருமுறை வந்திருந்தபோது அவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். நான் பூரித்துப்போனேன். கல்யாணம் ஆகாமல் முப்பத்தெட்டைத் தாண்டியவள் வேறு எதைப் பார்த்துப் பூரிப்பது?

கடிதம் வாசிப்பது என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. மாதாவிடம் ஏதாவது கேட்க வேண்டியவர்கள் எழுதி அதில் போடுவார்கள். கேட்டது கிடைத்துவிட்டால் நன்றி என்று ஒரு கடிதம் போடுவார்கள். நான் துறைமுகத்துப் பக்கம் சரக்கு கிளியரிங் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். புதன்கிழமை மட்டும் ஐந்து மணிக்கே கிளம்பி வந்து, பெட்டியைத் திறந்து, பூசை சாமான் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன். பெயர் இருந்தால் அடித்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்து ஆறரை மணிக்கு மைக்கில் வாசிப்பேன். ஒவ்வொரு விண்ணப்பம் முடிந்ததும் கோயிலில் இருக்கிற அத்தனை பேரும் 'தாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பார்கள். நன்றிக் கடிதமாக இருந்தால் 'தாயே, உமக்கு நன்றி' என்பார்கள்.

கணவன் குடியை விட வேண்டும், மகனுக்குக் கப்பலில் வேலை கிடைக்க வேண்டும், கணக்கில் வைத்த அரியரை இந்த முறையாவது தாண்ட வேண்டும். இப்படித்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரியின் தண்ணீர் மோட்டார் புகைந்து போக வேண்டும் என்று ஒருத்தி மாதாமாதம் எழுதுவாள். அதை நான் வாசித்ததில்லை. வாட்ஸ்அப்பிலும் விண்ணப்பம் அனுப்பலாம் என்று ஒருமுறை அறிவித்துப் பார்த்தார்கள். ஒருவரும் அனுப்பவில்லை. நவநாளை யூடியூபில் நேரலையாகப் பார்க்கிற ஜனம்தான், ஆனாலும் மாதா போனைப் பார்க்கமாட்டாள் என்பதில் எங்கள் ஆட்கள் உறுதியாக இருந்தார்கள்.

இந்த வேலையை எனக்குக் கொடுத்தபோது பங்குத் தந்தை ஒரே ஒரு கட்டளை போட்டார். பெட்டியில் படித்தது மைக்கைத் தவிர வேறெங்கும் என் வாயிலிருந்து வரக்கூடாது. "பாதிப் பாவசங்கீர்த்தனம்னு வச்சுக்கோங்கம்மா" என்றார். வாசித்து முடித்த கடிதங்களை ஒரு கோணிப்பையில் சேர்த்துவைத்து, மாதக் கடைசியில் கோயிலுக்குப் பின்னால் எண்ணெய் டின்னில் போட்டு எரித்துவிடுவோம். பதினோரு ஆண்டுகளில் நான் ஒரு கடிதத்தைப் பற்றிக்கூட வெளியே மூச்சுவிட்டதில்லை. அந்தப் பெருமையும் என்னிடம் இருந்தது.

எங்கள் பக்கம் ராஜாவும் கிடையாது, ஜமீனும் கிடையாது. ஆனால் முன்வரிசை உண்டு. வலதுபக்க முன்வரிசை கொடி வீட்டுக்காரர்களுடையது. மூன்று தலைமுறையாகத் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற காண்டிராக்ட் அவர்களுடையது. திருவிழாக் கொடி அவர்கள் வீட்டிலிருந்துதான் பவனியாக வரும், அதனால் அந்தப் பெயர். இடதுபக்க முன்வரிசை லாஞ்சு வீட்டுக்காரர்களுடையது. காசிமேட்டில் ஆறு விசைப்படகு ஓடிய குடும்பம். தேரின் முதல் வடத்தை அவர்கள் வீட்டு ஆண் தொட்ட பிறகுதான் மற்றவன் தொடலாம். இரண்டு வீட்டாரும் சமாதானம் சொல்லிக் கைகுவிப்பார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. பல வருடம் முன்பு லாஞ்சு வீட்டு மூத்த மகனுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்து முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவது ஞாயிறு அவள் புதுப் புடவையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் வாசிக்கப்படவில்லை. லாஞ்சு வீட்டார் நிறுத்திவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. 'ஒத்தை ஓலைக்காரி' என்று அவளுக்குப் பெயர் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளும் சும்மா இல்லை. இரண்டு வருடத்தில் கொடி வீட்டுக்கே மூத்த மருமகளாக வந்து சேர்ந்தாள். அப்புறம் மாதா சபைத் தலைவி ஆனாள். கோயிலில் எல்லோரும் அவளைப் பெரியண்ணி என்றுதான் கூப்பிடுவோம்.

லாஞ்சு வீட்டுக் கடைசிப் பெண்ணைத் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட, முப்பது வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அந்த வீட்டில் அவளுக்குச் சோறு இருந்தது, அறை இருந்தது, இரண்டாம் கல்யாணம் என்ற பேச்சு மட்டும் இல்லை. அவள் போனைக்கூட அண்ணன் எடுத்துப் பார்ப்பான் என்று சொல்வார்கள். அவள் முன்வரிசைக்கு வரமாட்டாள். மூன்றாம் தூணருகே, ஓடாத மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள். இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். ஒன்று புருஷனுக்கு. மற்றது யாருக்கு என்று தெரியாது. என்னைப் பார்த்தால் 'யக்கா' என்று சிரிப்பாள். நல்ல பெயர் ஒன்றுதான் அந்தப் பெண்ணிடம் மிச்சமிருந்தது. அதை வைத்துத்தான் அவள் அந்த வீட்டுப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் முதல் கடிதம் வந்தது. துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற கொடி வீட்டு ஆட்கள் எழுதுகிற, பச்சைக்கோடு போட்ட தாள். அந்தத் தாள் என் அலுவலகத்துக்குத் தினமும் வரும், அதனால் கொடி வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்ததும் தெரிந்தது. கையெழுத்து அழகாக இருந்தது.

'தாயே, எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. புதன்தோறும் தனியாக வந்து தனியாகத் திரும்பிப் போகிற ஒருத்தியின் மனச்சுமையை இறக்கி வையுங்கள். அவளுக்கு என்னைத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.'

சிரிக்காதீர்கள். அது என்னைப் பற்றித்தான் என்று நினைத்துவிட்டேன். நானும் தனியாக வருகிறவள்தானே, தனியாகப் போகிறவள்தானே? மைக்கில் அதை வாசித்தபோது 'தெரியவும் வேண்டாம்' என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. அந்தச் சனிக்கிழமை எம்.சி. ரோட்டுக்குப் போய் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை வாங்கினேன். அடுத்த புதன் அதைக் கட்டிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தேன்.

'தாயே, அவள் ஏற்றுகிற இரண்டு மெழுகுவர்த்தியும் அணையாமல் இருக்கட்டும். அந்த ஓடாத மின்விசிறிக்காக உமக்கு நன்றி. அது ஓடியிருந்தால் காற்றில் அணைந்திருக்கும்.'

என் வாழ்க்கையில் நான் ஒரு மெழுகுவர்த்திக்கு மேல் ஏற்றியதில்லை. புடவை உடம்பில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் வாசித்தேன். வாசிக்கும்போது மூன்றாம் தூணைப் பார்த்தேன். எப்போதும் குனிந்தே இருக்கிற தலை மெல்ல நிமிர்ந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, வயிறு எரிந்தது.

பிறகு வாரம் தவறாமல் வந்தது. இது போனில் வந்திருந்தால் அவள் அன்றைக்கே பிளாக் செய்திருப்பாள். நேரில் வந்து சொல்லியிருந்தால் அவள் அண்ணன் ஆளை நடக்கவிட்டிருக்கமாட்டான். இதுவோ மாதாவுக்கு எழுதிய கடிதம். அவள் கோபித்துக்கொள்ள அதில் ஒரு சொல் கிடையாது. மறுக்க வழி கிடையாது. கோயிலில் உட்கார்ந்து காதை மூடிக்கொள்ள முடியுமா? நானூறு பேர் அவளுக்காக வேண்டிக்கொண்டார்கள். அவளுக்காக யாரும் வேண்டி எத்தனை காலம் ஆகியிருந்ததோ.

ஐந்தாவது வாரம், பள்ளி நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் ஒரு கடிதம் கிடந்தது. 'தாயே, முகம் தெரியாமல் எனக்காக வேண்டுகிறவரை நலமாக வைத்திருங்கள்.' நான் அதை அவன் கடிதத்துக்கு அடுத்ததாக வைத்து வாசித்தேன். அதிலிருந்து இரண்டையும் அடுத்தடுத்தே வைத்தேன். யாரும் கேட்டுக்கொள்ளாமலே நான் அவர்களுக்குத் தபால்காரி ஆனேன். பொறாமை ஒருபக்கம் இருந்தாலும் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. எனக்கு வராத கடிதம் என் வாய் வழியாகவாவது போகிறதே என்ற சந்தோஷம்.

யார் எழுதுகிறான் என்பதும் ஊகிக்க முடிந்தது. கொடி வீட்டில் கல்யாணமாகாமல் இருந்தவன் மூன்றாவது மகன்தான், பெரியண்ணியின் கொழுந்தன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், பார்க்க லட்சணமானவன், பேச்சில் தேன் ஒழுகும். அவனுக்குத் தூத்துக்குடியில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வீட்டுக்காக ஒத்துக்கொண்டிருப்பான், மனசு இங்கே இருக்கிறது என்று நானே அவனுக்காக ஒரு கதை கட்டிக்கொண்டேன். கடிதத் தமிழ் அப்படி என் கண்ணை மறைத்திருந்தது.

மாசி மாதத்தில் ஒரு புதன். பச்சைக்கோட்டுத் தாளைப் பிரித்தபோது உள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டு என் மடியில் விழுந்தது. அது வேறு கையெழுத்து. மாதா சபைக் கூட்டக் குறிப்பில் மாதந்தோறும் நான் பார்க்கிற, சாயாமல் நிற்கிற கான்வென்ட் கையெழுத்து. பெரியண்ணி எழுதியது.

'அவசரப்படாதே. ரெண்டாவது மெழுகுவத்தி யாருக்குன்னு இந்த வாரம் கேளு. கண்டிப்பா பதில் எழுதுவா. எழுதினா முக்கால் கிணறு தாண்டியாச்சு. திருவிழாவுக்கு முந்தின புதன் நன்றிக் கடிதம். பேர் வேண்டாம், தூணும் மெழுகுவத்தியும் போதும். எனக்கு நின்னுபோன அதே மைக்ல அவங்க வீட்டுப் பொண்ணப் பத்தி நான் கேக்கணும்.'

கொழுந்தன் அவள் எழுதித் தந்ததைப் பார்த்துக் கடிதம் எழுதிவிட்டு, சீட்டை எடுக்காமல் மடித்துவிட்டான் போலிருக்கிறது. நான் மூன்று முறை படித்தேன். அத்தனை நாள் நான் குரல் உடைய வாசித்ததெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்து அவன் எழுதியது. அவர்கள் இரண்டு பேர்மேல் வந்ததைவிட எனக்கு என்மேல்தான் அதிக ஆத்திரம் வந்தது. அன்றைக்கு அந்தக் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. நவநாள் முடிந்ததும் சீட்டை எடுத்துக்கொண்டு பங்குத் தந்தையிடம் போனேன். மாதக் கடைசி என்பதால் அவர் கோயிலுக்குப் பின்னால் டின்னில் பழைய கடிதங்களை எரித்துக்கொண்டிருந்தார்.

சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"இதை வேற யாரும் பார்த்தாங்களாம்மா?"

"இல்லை ஃபாதர். அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

"பெட்டியில வந்தது மாதாவுக்கு வந்தது. நமக்கு வந்தது இல்ல." நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொடியேற்றத்துக்கு இன்னும் அஞ்சு வாரம்கூட இல்ல. கொடி அவங்க வீட்டுல இருந்து வரணும், தேரு இவங்க தொடணும். இப்ப நான் வாயைத் திறந்தா திருவிழாவே நின்னு போகும். பெரியண்ணிகிட்ட நான் பக்குவமாப் பேசுறேன்."

சொல்லிவிட்டுச் சீட்டை டின்னில் போட்டார். நான் கையை நீட்டினேன், அதற்குள் கருகிவிட்டது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அந்த நிலைமையில் அவர் இருந்தார். நல்ல மனிதர்தான். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அவர் பக்குவமாகப் பேசியதன் பலன் இரண்டாம் நாளே தெரிந்தது. எங்கள் அலுவலகம் கொடி வீட்டாரின் கட்டடத்தில்தான் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பெரியண்ணி படியிறங்கி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். எங்கள் முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஃபாதர் சொன்னாரு. உனக்கு ஏதோ மனக்கஷ்டமாமே."

"அண்ணி, அது பாவம். ஒண்ணும் தெரியாத பொண்ணு அது."

"தபால்காரன் கடுதாசியப் பிரிச்சுப் பாத்துட்டா குடுக்கறான்? உன் வேலை வாசிக்கறது. வாசி." எழுந்தவள் நின்றாள். "எனக்கும் ஒரு தபா வாசிச்சாங்க அந்தக் கோயில்ல. ரெண்டாவது வாரம் வாசிக்கல. அன்னிக்கு நீ பாட்டுக் குழுவுல உக்காந்திருந்தே. பக்கத்துல இருந்தவளக் கிள்ளிட்டுச் சிரிச்சே. நீ மறந்திருப்பே."

நான் மறக்கவில்லை. சிரித்தது உண்மை. அப்போது எனக்கு வயது குறைவு, முன்வரிசைக்குப் போகவிருந்தவளுக்கு இப்படி ஆனதில் ஒரு குஷி.  

என்னால் முடிந்தது ஒன்றுதான் என்று தோன்றியது. அவன் கடிதங்களைப் பொறுக்கி எடுத்துக் கோணிப்பையில் போட்டேன், வாசிக்கவில்லை. வாசிக்காவிட்டால் அவளுக்குக் கேட்காது, கேட்காவிட்டால் மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். இரண்டு வாரம் அப்படிச் செய்தேன். மூன்றாவது வாரம் அவள் கடிதம் இருந்தது.

'தாயே, அவர் ஏன் எழுதவில்லை? உடம்புக்கு ஏதாவதா? எனக்குப் பயமாக இருக்கிறது.'

அன்றைக்கு மெழுகுவர்த்திக் கடை அருகே அவன் அவளிடம் போய் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவன் என்ன சொன்னான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 'நான் எழுதிகிட்டுதான் இருக்கேன், அவங்கதான் வாசிக்க மாட்டேங்கறாங்க' என்று சொல்லியிருக்கிறான். என் மௌனமே அவர்களை நேரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வாசித்தாலும் அவர்களுக்கு லாபம், வாசிக்காவிட்டாலும் அவர்களுக்கு லாபம். இப்படி ஒரு கண்ணியில் நான் அதுவரை கால் வைத்ததில்லை.

அதன் பிறகு அவளைத் தேடிப் போனேன், ஃபாதரின் கட்டளையை மீறி. ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். வெயில் சாயவில்லை. எண்ணூர் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும், கோச்சிக்காத. அந்தக் கடுதாசிலாம் அவன் மனசுலர்ந்து வர்ல. அவன் அண்ணி சொல்லிக் குட்த்து எழுதிகினு கீறான். உங்க வூட்ட அசிங்கப்படுத்தணும், அவ்ளோதான்."

"யாரு சொன்னது?"

"நானே பாத்தேன். துண்டுச் சீட்டு ஒண்ணு உள்ள இருந்திச்சி."

"எங்க, காட்டு."

"எரிச்சிட்டாங்க."

அவள் சிரித்தாள். கேலி இல்லை, என்மேல் இரக்கப்படுகிற சிரிப்பு. "யக்கா, உனக்கு யாராச்சும் எழுதிகிறாங்களாக்கா?" என்று கேட்டாள். குத்துவதற்காகக் கேட்கவில்லை. ஆனால் குத்திவிட்டது.  மயில்கழுத்துப் புடவை ஞாபகம் வந்தது. இதில் பாதியாவது பொறாமையில் சொல்கிறேனோ என்று எனக்கே அந்த நிமிடம் தெரியவில்லை.

"நீ படிக்க சொல்லோ உன் கொரலு ஒடஞ்சிச்சிக்கா. மொத கடுதாசிலயே. நான் கேட்டேன். பொய்யா இருந்தா அப்டி ஒடையுமா? அத்தக் கேட்டுத்தான் நான் நம்புனேன்." ஆட்டோவில் ஏறிக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ நல்லவ. பேஜாராவாத, போ."

அந்த உடைசல் எனக்காக உடைந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அந்தக் கடிதம் எனக்கென்று நினைத்தேன், அதனால்தான் குரல் நடுங்கிற்று என்று லாரிச் சத்தத்தில் கத்தி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாளோ என்னவோ. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆட்டோ போய்விட்டது.

திருவிழாவுக்கு முந்தின புதன் வந்தது. அன்று கோயிலில் நிற்க இடமில்லை, தூணுக்குத் தூண் தோரணம். லாஞ்சு வீட்டார் மொத்தமாக இடப்பக்க முன்வரிசையில் இருந்தார்கள். நான் பெட்டியை நான்கு மணிக்கே திறந்து ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சைக்கோட்டுத் தாள் இல்லை. நன்றிக் கடிதம் மூன்று, மூன்றும் எனக்குத் தெரிந்த கை. அவள் எழுதியது ஒன்று இருந்தது. பெரியண்ணி அவனைக் கேட்கச் சொன்ன கேள்வியை நான் வாசிக்காவிட்டாலும் நேரில் கேட்டிருப்பான் போல. 'தாயே, இரண்டாவது மெழுகுவர்த்தி, ஏற்ற ஆள் இல்லாதவர்களுக்கு' என்று எழுதியிருந்தாள். அதை நான் தனியாக எடுத்துவைத்தேன். ஃபாதர் பேசியது பலித்துவிட்டது, விட்டுவிட்டார்கள் என்று நினைத்து மனசு லேசானது.

கடைசி நன்றிக் கடிதம் வாசித்து ஃபைலை மூடினேன். அப்போது பெரியண்ணி வலப்பக்க முன்வரிசையிலிருந்து எழுந்து, பூச்சாடியைச் சரிசெய்கிறவள் போல வந்து, என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். "இது ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள். அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. வெள்ளைத் தாள், டைப் செய்தது. நேரலைக் கேமரா என்னைப் பார்த்திருந்தது. பதினோரு வருடப் பழக்கம், கண் படித்ததை வாய் சொல்லும்.

'தாயே, நான் கேட்டதைக் கொடுத்தீர்கள். மூன்றாம் தூணருகே இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் எனக்கு இரங்கினாள்.'

அங்கே நிறுத்தினேன். அடுத்த வரி கண்ணுக்கு முன்னால் இருந்தது.  தலைகள் ஒவ்வொன்றாகத் தூணை நோக்கித் திரும்ப ஆரம்பித்தன. ஃபாதரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். மைக்கை அணைத்திருக்கலாம். இதெல்லாம் பிறகு ஆயிரம் முறை யோசித்துக் கண்டுபிடித்தவை. அன்றைக்குத் தோன்றவில்லை. "முடிச்சிடும்மா" என்று முன்வரிசையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. நான் முடித்தேன்.

'எண்ணூர்க் கடற்கரைக்கு நான் கூப்பிட்ட மூன்று மாலையும் வந்தாள். என் ஆசை தீர்ந்தது. இனி அவள் எனக்கு வேண்டாம். அவளுக்கு வேறு நல்ல துணையைக் காட்டுங்கள்.'

அது நன்றிக் கடிதம். பழக்கம் யாரை விட்டது? கோயில் முழுக்க, பாதிப் பேர் என்ன கேட்டோம் என்றே புரியாமல், 'தாயே, உமக்கு நன்றி' என்றார்கள்.

அவள் எழுந்து ஓடவில்லை. கடைசிப் பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்தது அவனையும் இல்லை, பெரியண்ணியையும் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் அண்ணன் வந்து கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனான். மெழுகுவர்த்தி இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

திருவிழா நடந்தது. கொடி அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது, கயிற்றை அந்தக் கொழுந்தன்தான் பிடித்தான். லாஞ்சு வீட்டார் தேரைத் தொட வரவில்லை. ஃபாதர் வேறொருவரை விட்டுத் தொடச் சொன்னார், அவ்வளவுதான். அவளை மணலி புதுநகரில் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டு மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வெளியே விடுவதில்லையாம். ஒரு ஞாயிறு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கீழ் வீட்டு அம்மாள் கதவைப் பாதி திறந்து, "அது யாரையும் பாக்காது, போம்மா" என்றாள். மேலே ஜன்னல் சாத்தியிருந்தது. அரைமணி நேரம் தெருவில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வீடியோ அப்படியே கிடந்தது. எடுத்துவிடுங்கள் என்று கேமராக்காரரிடம் கெஞ்சினேன். சபைத் தலைவி சொல்லாமல் தொட முடியாது என்றார். நான் ஒருமுறை போட்டுக் கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. தடுமாற்றம்கூட இல்லை. அந்தக் கடிதத்தில்தானே உடைந்திருக்க வேண்டும்?

ஆனாலும் புதன்கிழமை போய் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினால் நான் குற்றவாளி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. ஆடி மாதம் பெட்டியில் பள்ளி நோட்டுத் தாள் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. யார் கையில் கொடுத்தனுப்பினாளோ. அவள் எழுத்துதான். முன்பெல்லாம் புத்தகத் தமிழில் பார்த்துப் பார்த்து எழுதுவாள். இதில் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

'தாயே, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த அக்கா கொரலு என் காதுல கேட்டுகினே கீது. தூங்கினாலும் கேக்குது. அத்த மட்டும் நிறுத்திடு.'

அன்றைக்கு ஃபாதரிடம் தொண்டை சரியில்லை என்றேன். அதோடு மைக்கைத் தொடவில்லை. அலுவலகத்தையும் மாற்றிக்கொண்டேன். இப்போது வேறு ஒரு பெண் வாசிக்கிறாள். நிறுத்தி வாசிக்கத் தெரியாது, ஓட்டமாக ஓட்டுவாள். கேட்க நன்றாக இருக்காது. அதுவே நல்லது.

நான் மூன்றாம் தூணருகே உட்காருகிறேன். போன புதன், வாழ்க்கையில் முதல்முறையாக நானும் ஒன்று எழுதிப் பெட்டியில் போட்டேன். அந்தப் புதுப் பெண் அதை எடுத்து, என்ன ஏது என்று புரியாமல், 'தாயே, ஒருத்தி உம்மிடம் கேட்டதை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று வேகமாக வாசித்தாள். 'தாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று கோயில் முழுக்கச் சொன்னார்கள். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மணலி புதுநகரில் யாராவது போட்டுப் பார்க்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.